கேளாமல் எடுத்த அதிகாரம்

மதுரை ஜில்லா மேலூர்த் தாலுகாவின் கிராமவாசிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு, 2025-ம் வருஷம் ஜனவரி 7-ந் தேதி மதுரை நகருக்கு ஊர்வலமாகச் சென்றதை நமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தங்கள் வயலும் கண்மாயும் மலையும் கோவிலும் அடங்கிய 2,015 ஹெக்டேர் பூமியை, டங்ஸ்டன் என்னும் உலோகத்திற்காக இந்திய சர்க்கார் ஏலத்தில் விட்டுவிட்டது என்பதே அவர்களுடைய முறையீடு. ஏலம் எடுத்தது ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனி. ஊர்வலம் நடந்த பதினாறாம் நாள், ஜனவரி 23-ந் தேதி, ஏலம் ரத்துச் செய்யப்பட்டது. கிராமங்களில் மகிழ்ச்சி பொங்கிற்று.

வெற்றி கிடைத்துவிட்டபின் இதைப் பற்றி இன்னும் எழுதுவானேன் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். ரத்தானது ஏலம் மட்டுமே என்பதுதான் நமது பதில். ஊராரைக் கேளாமல் ஏலம் போடும் அதிகாரம் ரத்தாகவில்லை. அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது, எதன் பெயரைச் சொல்லிப் பெறப்பட்டது என்பதைத் தேச ஊழியத்தில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் ஊன்றிக் கவனிக்கவேண்டும். ஏனெனில், அது பெறப்பட்டது சீதோஷ்ணத்தின் பெயரால்.

சுரங்கங்களையும் தாதுப் பொருள்களையும் பற்றிய 1957-ம் வருஷத்துச் சட்டத்தை 2023-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் திருத்திற்று. லிதியம், டங்ஸ்டன் முதலிய 24 வகைத் தாதுக்களை முக்கியமானவை என்று தனியே பிரித்து, அவற்றை ஏலம் விடும் உரிமையை ராஜ்ய சர்க்கார்களிடமிருந்து எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டது. மணிப்பூர் விஷயமாக எதிர்க்கட்சிகள் கிளப்பிய பெருங் கூச்சலின் நடுவே ஜூலை 28-ந் தேதி மக்கள் சபையில் மசோதா நிறைவேறிற்று. ஆகஸ்டு 2-ந் தேதி ராஜ்ய சபையும் சம்மதித்தது. ஆறு நாளில் வேலை முடிந்தது. இதற்குச் சொன்ன காரணங்களில் தலையாயது என்ன? 2070-ம் வருஷத்திற்குள் இந்தியா வெளிவிடும் கரியமில வாயுவைச் சூனியக் கணக்கிற்குக் கொண்டுவருவதாகப் பிரதம மந்திரி 2021 நவம்பரில் கிளாஸ்கோ மகாநாட்டில் வாக்களித்திருக்கிறார். நிலக்கரியை விட்டு வேறு சக்திகளுக்கு மாற இந்தத் தாதுக்கள் வேண்டும். ஆகவே ஏலம் விடும் அதிகாரம் டில்லிக்கு வேண்டும். இதுதான் வாதம்.

நியாயமாகச் சொல்லவேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். ஏலத்தில் கிடைக்கும் வருமானம் ராஜ்ய சர்க்காருக்கே சேரும். குத்தகைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதும் ராஜ்ய சர்க்காரே. ஆனால் எந்த நிலம், எப்பொழுது, யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது டில்லி. விருந்துக்கு ஆள் அழைப்பவர் ஒருவர், இலை போட்டுப் பரிமாறுபவர் மற்றொருவர், அரிசி பருப்புக் கொடுக்கும் கிராமத்தானோ இருவர் கண்ணிலும் படாதவன். இந்த ஏற்பாட்டில் கலகம் விளையாமல் வேறு என்ன விளையும்?

சீதோஷ்ண நிலை மாறிவருவது பொய்யென்று சொல்லும் கூட்டத்தில் நாம் சேர்ந்தவர்களல்லர். இயந்திரத் தொழில் பெருகுவதற்கு முன் ஆகாயத்தில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கையும் கடந்துவிட்டது. இதற்குச் சாஸ்திரிகள் காட்டும் அத்தாட்சி போதாதென்பவர்கள் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தை எண்ணிப் பார்க்கட்டும். ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை. தாமிரபரணிக் கரையில் ஊர்கள் தீவுகளாயின. ஒரு மழையை மட்டும் வைத்துச் சீதோஷ்ணம் மாறிற்று என்று சொல்லிவிட முடியாதென்பதை நாம் அறிவோம். ஆயினும், சூடேறிய கடலும் காற்றும் அதிக ஈரத்தைச் சுமந்து, பெய்யும்பொழுது கொட்டித் தீர்க்கும் என்பது சாஸ்திரம் ஒப்புக்கொண்ட உண்மை. இந்த வாயுவை ஒன்றரை நூற்றாண்டாக ஆகாயத்தில் நிரப்பியவர்களில் முதல்வர்கள் ஐரோப்பியரும் அமெரிக்கருமே. தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் இந்தியன் வெளிவிடுவது உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. இருந்தும் வெள்ளம் வரும்பொழுது அது கணக்குப் புஸ்தகத்தைப் பார்த்து வருவதில்லை. ஆதலால் நமது சர்க்கார் காரியம் செய்யவேண்டும், அதற்கு அதிகாரமும் வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை.

இதே வழக்கு அமெரிக்காவிலும் நடந்து வருகிறது. அங்கே எழுந்த ஒரு வாதத்தோடு நமது வாதத்தை யாரும் குழப்பிக்கொள்ளக்கூடாது என்பதற்காகவே அதை இங்கே குறிப்பிடுகிறோம். மின்சார நிலையங்கள் நிலக்கரியை விட்டு வேறு வழிக்கு மாறும்படி நிர்ப்பந்திக்கும் அத்தனை பெரிய அதிகாரத்தை, 1970-ம் வருஷத்துக் காற்றுச் சுத்தச் சட்டத்தின் ஒரு மூலையிலிருந்து அதிகாரிகள் உருவி எடுத்துக்கொள்ள முடியாது, காங்கிரஸே அதைத் தெளிவான சொற்களில் கொடுக்கவேண்டும் என்று 2022 ஜூன் 30-ந் தேதி அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு ஆறு நீதிபதிகளுக்கு மூவர் என்ற கணக்கில் தீர்ப்புச் சொல்லிற்று. (காங்கிரஸ் என்பது அங்கே சட்டசபையின் பெயர், நம் ஊர்க் கட்சியன்று.) அதிகாரம் சட்டசபையிலிருந்து வரவேண்டும் என்ற அந்தத் தத்துவத்தில் மட்டும் பார்த்தால் குற்றமில்லை. ஆனால் அந்தத் தத்துவத்தைப் பிடித்துக்கொண்டு ஆர்ப்பரித்தவர்கள் சென்ற வழி எது? இந்த வாயுக்கள் ஜனங்களின் தேகநலத்திற்குக் கேடு செய்பவை என்று 2009-ம் வருஷத்தில் அதே நாட்டுச் சர்க்கார் செய்த முடிவையே தள்ளிவிடுவதாக 2025 ஜூலையில் அவர்களுடைய சர்க்கார் பிரேரேபித்தது. வைத்தியனுக்கு அதிகாரமில்லை என்று ஆரம்பித்து நோயே இல்லையென்று சொல்லப் புகுந்தார்கள். அந்த வழி நமக்கு வேண்டாம். நோய் உண்டு. வைத்தியமும் வேண்டும். நோயாளியைக் கேளாமல் காலை வெட்டுகிற வைத்தியத்தையே நாம் ஆட்சேபிக்கிறோம்.

அரிட்டாபட்டிக்கு வருவோம். டில்லியில் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு அது பாறைக் குன்றுகள் ஏழு நிற்கும் ஒரு வறண்ட இடம். அங்கே சென்று பார்ப்பவருக்கோ, குன்றின் அடியில் ஈராயிரம் வருஷத்திற்கு முந்திய தமிழ் எழுத்துக்கள் வெட்டிய சமணர் படுக்கை இருக்கிறது. பாண்டியர் காலத்தில் பாறையைக் குடைந்து அமைத்த சிவன் கோவில் இருக்கிறது. ஆனைகொண்டான் கண்மாயும் அதைப் போன்ற பல நீர்நிலைகளும், குன்றிலிருந்து கசிந்து வரும் ஊற்றுக்களும் இருக்கின்றன. மழைத்தண்ணீர் பாறையில் வழிந்து, ஊற்றாய் ஊறி, கண்மாயில் தங்கி, வயலுக்குப் பாய்கிறது. சூடு ஏறிவரும் காலத்தில் தென்பாண்டி விவசாயிக்கு இதைவிடச் சிறந்த கவசம் எது? சீதோஷ்ண மாறுதலைத் தாங்கிக்கொள்ள எத்தனையோ கோடி ரூபாயில் திட்டம் வகுக்கிறார்கள். முன்னோர் வெட்டி வைத்த திட்டம் ஒன்று அங்கே தண்ணீருடன் கிடக்கிறது.

இது சர்க்காருக்குத் தெரியாத ரகசியமுமன்று. 2022 நவம்பரில் தமிழ்நாட்டுச் சர்க்கார் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரிய ஸ்தலமாகப் பிரகடனம் செய்திருந்தது. இந்த ராஜ்யத்தில் அப்படிப் பிரகடனம் செய்யப்பட்ட முதல் ஸ்தலம் அதுவே. அந்த 193 ஹெக்டேரும் ஏலம் போட்ட எல்லைக்குள் அகப்பட்டது. கிளர்ச்சி எழுந்தபின், மொத்தப் பரப்பில் அது பத்தில் ஒரு பங்குதானே, அதை மட்டும் விலக்கிவிட்டு எல்லையைத் திருத்தலாமா என்று 2024 டிசம்பரில் யோசித்தார்கள். தலையை விட்டுவிட்டு உடலை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்பது போன்ற யோசனை! கண்மாய்க்குத் தண்ணீர் வருவது பத்தில் ஒன்பது பங்கிலிருந்து என்பதை மேலூர்த் தாலுகாவில் மாடு மேய்க்கும் சிறுவன் சொல்லியிருப்பான். அவனை யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்ன நஷ்டம்? நஷ்டமில்லை, லாபம். 2024 நவம்பரில் கம்பெனியின் பெயரை அறிவித்தார்கள். உடனே கிராம சபைகளில் தீர்மானம், சட்டசபையில் டிசம்பர் 9-ந் தேதி தீர்மானம், மறியல், ஊர்வலம், டில்லிக்குத் தூது, கடைசியில் ரத்து. கிராமங்களுக்கு இரண்டரை மாதம் தூக்கமில்லை, சர்க்காருக்கு அவமானம், தேசத்திற்கு ஒரு குன்றிமணியளவு டங்ஸ்டனும் இல்லை. "சீதோஷ்ண மாறுதல் காத்திருக்காது, ஒவ்வொரு கிராமத்தையும் கேட்டுக்கொண்டிருக்க அவகாசமில்லை" என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும். கேளாமையினால் மிச்சமான நாள் எத்தனை?

ஒன்றைக் கவனித்தால் அவசரம் என்ற இந்தச் சமாதானமும் நிற்காது. டங்ஸ்டனை ஏலம் விட்ட அதே முறையில்தான் நிலக்கரியும் ஏலத்திற்கு வந்தது. 2023 மார்ச்சில் தஞ்சாவூர் ஜில்லா வடசேரி, அரியலூர் ஜில்லா மைக்கேல்பட்டி, கடலூர் ஜில்லா சேத்தியாத்தோப்புக்குக் கிழக்குப் பகுதி ஆகிய மூன்றும் நிலக்கரி ஏலப் பட்டியலில் காணப்பட்டன. 2020-ம் வருஷத்திலேயே காவேரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழ்நாட்டுச் சட்டசபை சட்டம் செய்திருந்தது. தஞ்சாவூர் ஜில்லா முழுவதும் அந்த மண்டலத்தில் அடங்கும். இருந்தும் பட்டியல் தயாரித்தவர்கள் சென்னையைக் கலந்துகொள்ளவில்லை. கூக்குரல் எழுந்தபின் ஏப்ரல் 8-ந் தேதி மூன்றையும் நீக்குவதாக நிலக்கரி மந்திரி அறிவித்தார். ஆக, சீதோஷ்ணத்தைக் கெடுக்கும் பொருளும் கேளாமல் வருகிறது, அதைச் சீர்ப்படுத்தும் என்று சொல்லப்படும் பொருளும் கேளாமல் வருகிறது. 2022 மே மாதத்தில், நிலக்கரித் தட்டுப்பாடு என்று சொல்லி, ஏற்கனவே விஸ்தரிப்புப் பெற்ற நிலக்கரிச் சுரங்கங்கள் இன்னும் விஸ்தரித்துக்கொள்வதற்கு ஜனங்களின் கருத்தை மறுபடி கேட்கவேண்டியதில்லை என்று ஒரு குறிப்பு அனுப்பினார்கள். 2025 செப்டம்பர் 8-ந் தேதி, முக்கியத் தாதுக்களுக்கும் அணுசக்தித் தாதுக்களுக்கும் அதே சலுகையைக் கொடுத்து மற்றொரு குறிப்பு அனுப்பினார்கள். இம்முறை சொன்ன காரணம் தேசப் பாதுகாப்பு. காரணம் மாறுகிறது, பேனா மாறுவதில்லை. இதைப் பார்த்தபின், சீதோஷ்ணக் கவலையால்தான் அதிகாரம் கேட்கிறார்கள் என்று நம்புவது எப்படி?

ஜனங்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் எப்படி வந்தது என்பதை இளைஞர்கள் பலர் அறியார். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அதன் பிறகே 1986-ம் வருஷத்துச் சுற்றுப்புறப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டம், அவசியமென்று தோன்றும் எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க இந்திய சர்க்காருக்கு மிக விஸ்தாரமான அதிகாரம் கொடுத்தது. அந்த அதிகாரத்தைக்கொண்டு 1994-ல் விதிகள் வெளியிட்டார்கள். 1997-ல் ஜனங்களைக் கேட்கவேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. 2006-ம் வருஷத்து விதிகளின்படி அந்தக் கூட்டத்தை 45 நாளில் நடத்தி முடிக்கவேண்டும். நாற்பத்தைந்தே நாள்! நூற்றைம்பது வருஷமாகக் கெட்ட ஆகாயத்தைச் சீர்ப்படுத்தப் புறப்பட்டவர்களுக்கு இந்த நாற்பத்தைந்து நாள் தாங்கமுடியாத தாமதமாகிவிட்டது. போபாலில் இறந்தவர்களின் பேரால் ஜனங்களைக் காப்பதற்காகக் கொடுத்த அதிகாரத்தையே ஜனங்களின் வாயை அடைப்பதற்கு உபயோகிக்கிறார்கள் என்பதை நினைக்கையில் நெஞ்சு பதைக்கிறது.

2020 ஜனவரியில், எண்ணெயும் எரிவாயுவும் இருக்கிறதா என்று துளையிட்டுப் பார்க்கும் வேலைகளுக்குக் கருத்துக் கேட்கவேண்டாம் என்று விதியைத் திருத்தினார்கள். அவ்வருஷம் மார்ச்சில், கொரோனா நோயால் தேசம் கதவடைத்துக் கிடந்த சமயம், விதிகள் முழுவதையும் மாற்றும் நகல் ஒன்று வந்தது. அதில் ஜனங்களுக்குக் கொடுக்கும் நோட்டீஸ் முப்பது நாளிலிருந்து இருபது நாளாகச் சுருங்கிற்று. அந்த நகல் எந்தப் பாஷையில் வந்தது? இங்கிலீஷிலும் ஹிந்தியிலும். இருபத்திரண்டு பாஷைகளிலும் மொழிபெயர்த்து வெளியிடவேண்டும் என்று டில்லி ஹைகோர்ட்டு ஜூன் 30-ந் தேதி உத்தரவிட்டது. இந்திய சர்க்கார் என்ன செய்தது? மொழிபெயர்க்க ஆள் தேடவில்லை. அந்த உத்தரவை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. காவேரிக் கரையிலுள்ள விவசாயிக்குத் தன் நிலத்தின் விதியைத் தன் தாய்ப்பாஷையில் படித்துத் தெரிந்துகொள்ளும் உரிமையில்லை என்று வாதாட வக்கீலுக்குப் பணம் இருந்தது. மொழிபெயர்ப்பாளனுக்குப் பணம் இல்லை. அந்த நகல் முழுவதுமாகச் சட்டமாகவில்லை. அதிலிருந்த பல அம்சங்கள் பிற்பாடு துண்டு துண்டாக ஆபீஸ் குறிப்புகளின் வழியே வந்து சேர்ந்தன.

இந்த ஆபீஸ் குறிப்பு என்பது என்ன? விதியென்றால் 1986-ம் வருஷத்துச் சட்டப்படியே பார்லிமெண்டின் முன் வைக்கவேண்டும். குறிப்பென்றால் வைக்கவேண்டியதில்லை. ஓர் அதிகாரி கையெழுத்திட்டுச் சுற்றுக்கு விட்டால் போதும். அனுமதி பெறாமல் வேலையைத் தொடங்கிவிட்டுப் பிறகு அனுமதி பெற்றுக்கொள்ளலாம் என்ற விபரீதமும் 2017-ம் வருஷத்து அறிவிப்பு ஒன்றாலும் 2021-ம் வருஷத்துக் குறிப்பு ஒன்றாலும் வந்ததே. அவற்றை 2025 மே 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு செல்லாதென்று தள்ளிற்று. தேச பக்தர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ஆறு மாதத்தில், நவம்பர் 18-ந் தேதி, அதே கோர்ட்டில் இருவர் ஒரு பக்கமும் ஒருவர் ஒரு பக்கமுமாக நின்று அந்தத் தீர்ப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கோர்ட்டை நாம் குறை கூறவில்லை. கோர்ட்டை மட்டும் நம்பி ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கலாகாது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

டில்லியைப் பற்றி இவ்வளவு எழுதியதைப் படித்துச் சென்னைக் கோட்டையில் உள்ளவர்கள் புன்முறுவல் செய்யவேண்டாம். ராஜ்ய உரிமை, ராஜ்ய உரிமை என்று மேடைதோறும் முழங்கிய சட்டசபை, 2023 ஏப்ரல் 21-ந் தேதி என்ன செய்தது? நூறு ஹெக்டேருக்குக் குறையாத விசேஷத் திட்டங்களுக்காக, நடுவே நீர்நிலை இருந்தாலும் நிலங்களை ஒன்றாக இணைத்துக் கொடுக்கும் மசோதாவை விவாதமே இல்லாமல் நிறைவேற்றிற்று. ஓடையும் கால்வாயும் சம்பந்தப்பட்ட காரியத்திற்கு ஒரு மணி நேரப் பேச்சுக்கூட வேண்டியிருக்கவில்லை. டில்லியிடம் உரிமை கேட்பவர்கள் அதே உரிமையைப் பஞ்சாயத்துக்குக் கொடுக்கத் தயாரா என்று நாம் கேட்கிறோம். தயாரில்லையென்றால், நடக்கும் சண்டை இரண்டு ஜமீன்தார்களின் எல்லைத் தகராறே தவிர, குடியானவனுக்கு அதில் பங்கில்லை.

பரிகாரம் என்ன? ஆகாயத்தைச் சீர்ப்படுத்த அதிகாரம் வேண்டுமென்றால் அதைப் பகிரங்கமாகக் கேட்கட்டும். சீதோஷ்ண மாறுதலைப் பற்றித் தனியான முழுச் சட்டம் எதுவும் இத்தேசத்தில் இல்லை என்று 2024 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டே எடுத்துக்காட்டிற்று. அதன் தீமைகளிலிருந்து காக்கப்படுவது பிரஜையின் உரிமை என்றும் அதே தீர்ப்பில் கூறிற்று. அந்த உரிமைக்கு உருவம் கொடுக்கும் மசோதாவைப் பார்லிமெண்டில் கொண்டுவந்து, ராஜ்யங்களோடு கலந்து, எல்லாப் பாஷைகளிலும் வெளியிட்டு, நாள்கணக்கில் விவாதிக்கட்டும். எந்த அதிகாரம் டில்லிக்கு, எது ராஜ்யத்திற்கு, எது கிராமத்திற்கு என்று அதில் எழுதட்டும். ஏலம் போடுமுன் ஊரைக் கேட்கவேண்டும் என்றும், ஊர் மறுத்தால் அந்த மறுப்புக்கு மதிப்பு உண்டு என்றும் எழுதட்டும். இது நடவாத கனவென்று சொல்லவேண்டாம். ஒடிஸாவில் நியமகிரி மலையிலிருந்து பாக்ஸைட் எடுக்கும் விஷயத்தை கிராம சபைகளே தீர்மானிக்கட்டும் என்று 2013-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. பன்னிரண்டு கிராமங்களைக் கேட்டார்கள். பன்னிரண்டும் வேண்டாமென்றன. விஷயம் முடிந்தது. மலைஜாதியாருக்கு 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் கொடுத்த அந்தக் கௌரவத்தை மேலூர் விவசாயிக்கு மறுப்பானேன்?

கேட்டால் எல்லா ஊரும் வேண்டாமென்றுதான் சொல்லும் என்பது அதிகாரிகளின் பயம். நமக்கு அந்தப் பயமில்லை. காற்றாடி யந்திரங்களைத் திருநெல்வேலிச் சீமையும் கோயமுத்தூர்ச் சீமையும் பல வருஷமாக ஏற்றுக்கொண்டே இருக்கின்றன. இந்தத் தேசத்தில் காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதில் தமிழ்நாடு முன்னணியில் நிற்பதும் ஜனங்களின் சம்மதத்தால்தான். நியாயமான காரியத்தை நியாயமாகக் கேட்டால் நம் ஜனங்கள் கொடுப்பார்கள்.

கன்னியாகுமரி ஜில்லாக் கடற்கரை மணலில் மோனஸைட் என்னும் அணுசக்தித் தாது இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் வெகுகாலமாக மணல் எடுத்து வருகிறார்கள். 2025 செப்டம்பர் 8-ந் தேதிக் குறிப்பின்படி பார்த்தால், அந்தக் கரையில் இனிப் புதிதாக எங்கே தோண்ட நினைத்தாலும் அங்குள்ள மீனவர்களைக் கூட்டிக் கேட்கவேண்டிய அவசியமில்லை. தமிழ்நாட்டிலிருந்து மக்கள் சபைக்குச் செல்லும் முப்பத்தொன்பது அங்கத்தினர்களும் கட்சிக் கொடியைச் சற்று மடித்து வைத்துவிட்டு ஒரு காரியம் செய்யவேண்டும். அந்தக் குறிப்பைச் சபையின் மேஜைமீது வைக்கச் சொல்லட்டும். அதில் கையெழுத்திடுமுன் எந்தக் கடற்கரைக் கிராமத்தைக் கேட்டார்கள் என்று சம்பந்தப்பட்ட மந்திரியிடம் எழுத்து மூலமாகப் பதில் வாங்கி, அந்தப் பதிலைத் தமிழில் அச்சிட்டு, குமரி முதல் நீரோடி வரை ஒவ்வொரு ஊரிலும் ஒட்டட்டும்.